முதலில் தன் சம்பளம்: சடோரு இவாட்டா, ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் கேம் வேலையில் இருக்கும் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் கூடுகிறோம். ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார், டெஸ்டர் இருக்கிறார், யூனிட்டி என்ற கேம் மென்பொருளில் கோட் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு நிகழ்வை எடுத்து முழுசாக எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்து அதைக் குடைவார்கள். இந்த மாதம் என் முறை. நான் எடுத்தது ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் நான்காவது தலைவர் சடோரு இவாட்டாவை.

ஏன் அவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் 46 பேர் இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் 19 பேரை அனுப்பினார்கள். அந்த 19-ல் நானும் ஒருத்தி. ஒவ்வொருவரையும் சின்ன மீட்டிங் ரூமுக்குள் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். எனக்கு ஆனது பதினோரு நிமிடம். வெளியே வந்தபோது எங்கள் டெஸ்டர், ஆம்பூர்ப் பையன், தன் மேஜையில் ஆறு டெஸ்ட் போன்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கடிதம் கையில் வந்துவிட்டது. "இந்த ரெட்மியில் மட்டும் ஒரு கிராஷ் இன்னும் மூடல அக்கா, யார்கிட்ட சொல்லட்டும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. சொல்ல வேண்டிய ஆளும் அந்த 19-ல்தான் இருந்தார்.

எங்கள் கேம் ஏன் ஓடவில்லை என்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் தெரியும். பாதி வேலை முடிந்த கேமை நிறுத்திவிட்டு, அப்போது சந்தையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு வகைக்குத் தாவியது மேலே மூன்று பேர் சேர்ந்து எடுத்த முடிவு. அந்த மூன்று பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. முடிவெடுத்தவர் ஒருவர், அடி வாங்குகிறவர் வேறொருவர் என்பதுதான் நம் தொழிலின் வழக்கமாகிவிட்டது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது, பிப்ரவரியில் சோனி ஏறக்குறைய 900 பேரை. இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்தவர் யாராவது உண்டா என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் இவாட்டா. அவர் உண்மையில் என்ன செய்தார், எதனால் செய்ய முடிந்தது, எங்கே சறுக்கினார் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

நூறு வரிக்குள் ஒரு கேம்

இவாட்டா பிறந்தது 1959 டிசம்பர் 6, ஜப்பானின் வட கோடியில் ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரத்தில். அப்பா முரோரான் நகர மேயராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இவாட்டா கையில் ஒரு ஹெச்பி-65 கால்குலேட்டர் இருந்தது. 1974-ல் வந்த மாடல், புரோகிராம் எழுதி ஓட்டலாம். ஆனால் ஒரு புரோகிராமுக்கு மொத்தமே 100 படிகள்தான். திரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சிவப்பு எண்கள் மட்டும் எரியும். அதில் அவர் கேம் செய்து, பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் கொடுத்து விளையாட வைத்தார். நண்பன் சிரித்தால் கேம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் லட்சம் லட்சமாகச் செலவழித்து பிளேடெஸ்ட் நடத்துகிறார்கள், கடைசியில் பார்ப்பதும் அந்தச் சிரிப்பைத்தான்.

டோக்கியோ இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப் போனவர், அங்கே ஒரு கமடோர் பெட் கம்ப்யூட்டர் வாங்கினார். டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் சனி ஞாயிறு போய் நிற்பார். அங்கே சேர்ந்த கூட்டம்தான் 1980-ல் ஹால் லேபரட்டரி என்ற சின்ன கம்பெனியைத் தொடங்கியது. முதலில் பகுதிநேர வேலை. 1982-ல் படிப்பு முடிந்ததும் முழுநேரமாக அங்கேயே சேர்ந்துவிட்டார். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்த மகன், பெயர் தெரியாத கம்பெனியில் விளையாட்டுப் பொருள் செய்யப் போகிறான் என்று அப்பா ஆறு மாதம் அவரிடம் பேசவில்லை. இந்த இடத்தை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருந்து கிளம்பி, கேம் ஆர்ட் செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னவர்களுக்கு அந்த ஆறு மாதம் என்னவென்று தெரியும்.

1983-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது, டிவியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டி, அதாவது கன்சோல். அதன் சிப் 6502 என்ற பிராசஸர் குடும்பத்தைச் சேர்ந்தது. இவாட்டாவின் கமடோர் பெட்டிலும் இருந்தது 6502-தான். மற்றவர்கள் புதிதாகப் படித்துக்கொண்டிருந்தபோது இவருக்கு அது கைவந்த விஷயமாக இருந்தது. வேலை கேட்டுக் கியோட்டோவுக்கே போனார்கள். 18 குழி கோல்ஃப் மைதானத்தை அந்தக் காலத்துச் சின்ன கார்ட்ரிட்ஜுக்குள் அடக்க முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட வேலையை வாங்கி, 1984-ல் கோல்ஃப் கேமாக முடித்துக் கொடுத்தார். அப்புறம் பலூன் ஃபைட். நிண்டெண்டோவுக்கு ஒரு சிக்கல் என்றால் ஹாலில் ஒரு பையன் இருக்கிறான் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

150 கோடி யென்

இந்த நிகழ்வின் முதல் பெரிய திருப்பம் 1992-93. ஹால் கிட்டத்தட்டத் திவாலாகிவிட்டது. கடன் 150 கோடி யென். நிண்டெண்டோ கைகொடுக்க முன்வந்தது. ஆனால் அப்போதைய தலைவர் ஹிரோஷி யமாவுச்சி ஒரு நிபந்தனை வைத்தார்: இவாட்டா தலைவராக வர வேண்டும். இவாட்டாவுக்கு வயது 33. அதுவரை கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பழக்கமில்லாத புரோகிராமர்.

தலைவரானதும் அவர் முதலில் செய்தது, கம்பெனியில் இருந்த எண்பது தொண்ணூறு பேரில் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசியது. சிலரிடம் 20 நிமிடம், சிலரிடம் மூன்று மணி நேரம். வருடங்களாகக் கூடவே வேலை செய்தவர்களைப் பற்றித் தனக்கு இவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறதே என்று அவருக்கே வியப்பாகப் போனது. அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை எல்லோரிடமும் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

இதையும் என் பதினோரு நிமிடத்தையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்த ஸ்டுடியோவில் நான் மூன்றரை வருடம் இருந்தேன். தலைமையில் இருந்தவர் என்னோடு தனியாக உட்கார்ந்து பேசியது அந்த ஒரு முறைதான்.

ஹாலை நிமிர்த்தியது கிர்பி. 1992-ல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு வந்த அந்தக் குண்டு உருண்டைப் பாத்திரத்தை உருவாக்கியவர் மசாஹிரோ சகுராய். அந்த கேமுக்கு முதலில் வேறு பெயர் வைத்து, விளம்பரமும் கொடுத்து, முன்பதிவும் வாங்கி முடித்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் செதுக்கினால் மிகப் பெரிதாக வரும் என்று நிண்டெண்டோவின் கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியமோட்டோ சொல்ல, வந்த ஆர்டரை எல்லாம் ரத்து செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். விற்பனைக்காரர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இன்னொன்று மதர் 2. எழுத்தாளர் ஷிகெசாட்டோ இடோயின் கேம், நாலு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, முடியாமல் கிடந்தது. உதவிக்கு அழைக்கப்பட்ட இவாட்டா அதுவரை எழுதிய புரோகிராமைப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். இருப்பதைத் திருத்திக்கொண்டு போனால் இரண்டு வருடம் ஆகும். என்னை முதலிலிருந்து எழுத விட்டால் அரை வருடம். அப்படிச் சொன்னவர் கேமை நேரடியாக எழுதத் தொடங்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மற்றவர்கள் எளிதாக வேலை செய்வதற்கான கருவிகளை முதலில் செய்து கையில் கொடுத்தார். கேம் 1994 ஆகஸ்டில் வெளியானது.

தலைவரான பிறகும் கோட் எழுதுவதை விடவில்லை. போக்கிமான் கேம் பாய் கேமின் சண்டைப் பகுதியை நிண்டெண்டோ 64 கன்சோலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. விளக்க ஆவணம் என்று எதுவும் இல்லை. இவாட்டா மூல புரோகிராமை வாசித்தே புரிந்துகொண்டு ஒரு வாரத்தில் ஓட வைத்தார். அதை எழுதிய கேம் ஃப்ரீக் நிறுவனத்துக்காரர்களே அசந்துபோனார்கள். ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேமின் முதல் மாதிரி, சகுராயும் இவாட்டாவும் சனி ஞாயிறுகளில் செய்தது. சகுராய் வடிவமைக்க, கம்பெனித் தலைவர் கோட் எழுதினார்.

1999 வாக்கில், அதாவது ஆறு வருடத்தில், 150 கோடி யென் கடனும் அடைந்தது.

இங்கே எங்கள் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தலைவர் கோட் எழுதிக்கொண்டிருந்தால் தலைவர் வேலையை யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. நாங்கள் பார்த்த 'எல்லாவற்றிலும் கை வைக்கும்' முதலாளிகளால் எத்தனை பில்ட் கெட்டிருக்கிறது என்று எங்களுக்கே தெரியும். ஆனால் இவாட்டா மற்றவர் வேலையைப் பிடுங்கவில்லை. யாராலும் அவிழ்க்க முடியாமல் நின்ற முடிச்சில் மட்டும் கை வைத்தார், அவிழ்ந்ததும் விலகினார். கேம் எப்படி இருக்க வேண்டும் என்று சகுராயிடம் சொல்லப் போகவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடிக்காவிட்டால் இவாட்டாவின் கதை, புரோகிராமர்கள் தங்களைத் தாங்களே தட்டிக்கொடுக்கும் கதையாகக் குறுகிவிடும்.

கியோட்டோவில்

நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியது. தலைவர் நாற்காலி யமாவுச்சி குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. ஹிரோஷி யமாவுச்சி மட்டும் 1949-லிருந்து 2002 வரை, 53 வருடம். இவாட்டா 2000-ல் நிறுவனத் திட்டப் பிரிவின் தலைவராக உள்ளே வந்தார். 2001-ல் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ தேதிக்குள் முடியாது போலிருந்தபோது, அந்தப் பெரிய பதவியில் இருந்துகொண்டே யமனாஷியில் உள்ள ஹாலுக்குப் போய் மூன்று வாரம் உட்கார்ந்து பக், அதாவது கோடில் உள்ள பிழைகளைத் தேடினார். பொறியாளராகக் களத்தில் செய்த கடைசி வேலை அதுதான் என்று பின்னால் சொன்னார். 2002 மே 31-ல், 42 வயதில், நிண்டெண்டோவின் தலைவரானார். யமாவுச்சி குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த முதல் தலைவர்.

அப்போது நிண்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோல் சோனியின் பிளேஸ்டேஷன் 2-இடம் நன்றாகவே அடி வாங்கிக்கொண்டிருந்தது. கேம்க்யூப் மொத்த வாழ்நாளில் விற்றது 2.17 கோடி. பிளேஸ்டேஷன் 2 அதைப்போல ஏழு மடங்கு. இன்னும் வேகமான சிப், இன்னும் பளபளப்பான படம் என்ற ஓட்டத்தில் போட்டி போடுவதை விட்டுவிட்டு, கேமே விளையாடாதவர்கள் ஏன் விளையாடவில்லை என்று இவாட்டா கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸும் டிவி கன்சோலான வீயும்.

டிஎஸ் ஜப்பானில் வெளியான 2004 டிசம்பர் 2 அன்று இவாட்டா கடை திறப்பு விழா எதிலும் இல்லை. செண்டாய் நகரத்தில் மூளை ஆராய்ச்சியாளர் ரியூட்டா கவாஷிமாவைப் பார்க்கப் போயிருந்தார். 30 நிமிடம் என்று ஒப்புக்கொண்ட சந்திப்பு மூன்று மணி நேரம் நீண்டது. அதிலிருந்து பிறந்த மூளைப் பயிற்சி கேம் ஒரு சின்னக் குழுவால் சில மாதங்களில் செய்யப்பட்டு 2005 மே மாதம் வந்தது. வயதானவர்கள் கடைக்குப் போய் கேம் கேட்க ஆரம்பித்தார்கள். டிஎஸ் மொத்தம் 15.4 கோடி விற்றது, 2006-ல் வந்த வீ 10 கோடியைத் தாண்டியது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிண்டெண்டோவின் இயக்க லாபம், அதாவது தொழிலிலிருந்து நேரடியாக வந்த லாபம், 55,526 கோடி யென்.

இந்த வெற்றிக் காலத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. 2005 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவில் கேம் உருவாக்குபவர்கள் மாநாட்டில் அவர் சொன்ன வரியை எல்லோரும் பகிர்வார்கள்: விசிட்டிங் கார்டில் நான் கம்பெனித் தலைவர், மனதில் கேம் உருவாக்குகிறவன், இதயத்தில் கேம் விளையாடுகிறவன். அழகான வரிதான். எனக்கு அதைவிட முக்கியம், அவர் தோற்ற வருடங்களில் என்ன செய்தார் என்பது.

2011, 2014

2011 பிப்ரவரி 26-ல் டிஎஸ்ஸுக்கு அடுத்த கையடக்கக் கருவியான 3டிஎஸ் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. கண்ணாடி போடாமலே முப்பரிமாணம். விற்கவில்லை. விலை அதிகம், விளையாட நல்ல கேம் குறைவு. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 11-ல் விலையை 15,000 யென்னாக வெட்டினார்கள். பத்தாயிரம் யென் ஒரே வெட்டு. முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். விலைக் குறைப்பை அறிவித்தபோதே இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டினார். அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு 30 சதவிகிதம், மற்ற இயக்குநர்களுக்கு 20 சதவிகிதம். கீழே உள்ளவர்களின் சம்பளத்தில் கை வைக்கவில்லை.

2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 3,730 கோடி யென் இயக்க நஷ்டம். அடுத்த ஆண்டும் 3,640 கோடி நஷ்டம். 2012 நவம்பரில் வந்த வீ யூ எதையும் தூக்கி நிறுத்தவில்லை. அது புது கன்சோலா, வீக்கு ஒட்டிக்கொள்ளும் உபகரணமா என்று வாங்க வருகிறவருக்கே புரியவில்லை. ஹெச்டி கேம் செய்ய எவ்வளவு ஆள் வேண்டும், எவ்வளவு காலம் வேண்டும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று இவாட்டாவே ஒப்புக்கொண்டார். அடுத்தடுத்து வரவேண்டிய கேம்கள் தள்ளிப்போயின. 10,000 கோடி யென் இயக்க லாபம் வரும் என்று உறுதி சொல்லியிருந்த ஆண்டில், 2014 ஜனவரி 17 அன்று, 3,500 கோடி நஷ்டம் என்று கணிப்பை மாற்ற வேண்டி வந்தது. வீ யூ 90 லட்சம் விற்கும் என்ற கணக்கு 28 லட்சமாக இறங்கியது. மறுபடியும் பாதிச் சம்பளம், இந்த முறை ஐந்து மாதம். மற்ற இயக்குநர்களுக்கு 20 முதல் 30 சதவிகிதம்.

இந்தச் சமயத்தில்தான் பங்குதாரர்களின் கேள்வி. 2013 கூட்டத்தில் அவர் இயக்குநராகத் தொடர ஆதரவு 77 சதவிகிதம்தான். ஏன் ஆட்களைக் குறைக்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்னதன் சாரம் இது: ஆட்களைக் குறைத்தால் இந்த வருடக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பவரால் உலகத்தையே அசத்தும் கேமைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

நாங்கள் இந்தப் பகுதியில்தான் நெடுநேரம் நின்றோம். அந்தப் பேச்சில் கருணை இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் தொழில் தெரிந்தவனின் கணக்கு இருக்கிறது. கேம் என்பது தகரத்தை வெட்டி ஒட்டும் வேலை இல்லை. ஒரு தாவல் எத்தனை ஃபிரேம் இருக்க வேண்டும், எந்த நொடியில் அதிர வேண்டும் என்பதெல்லாம் கூடவே பத்து வருடம் உட்கார்ந்தவர்களின் கையில் இருக்கும், எந்த ஆவணத்திலும் இருக்காது. போக்கிமான் புரோகிராமை ஆவணமே இல்லாமல் வாசித்தவருக்கு, ஆள் போனால் என்னவெல்லாம் கூடவே போகும் என்று நன்றாகத் தெரியும். எங்கள் ரெட்மி கிராஷ் மாதிரி.

சம்பள வெட்டைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 3,730 கோடி நஷ்டத்தில் ஒரு தலைவரின் பாதிச் சம்பளம் எம்மாத்திரம்? கடலில் ஒரு சொட்டு. "அப்போ அது வெறும் அடையாளம்தானே அக்கா?" என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நிண்டெண்டோ அளவுக்கு அடையாளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3டிஎஸ் விலையை யார் முடிவு செய்தார்களோ, அவர்கள் தலையில்தான் வெட்டு விழுந்தது. பிழை செய்தவரும் பணம் இழந்தவரும் ஒருவரே. அதைப் பார்த்தபின் கீழே இருப்பவர் அடுத்த நாள் காலையில் எப்படி வேலைக்கு வருவார் என்பதை யோசியுங்கள். இன்னொன்று, நிறுவனம் சிறிதாகச் சிறிதாக அது அடையாளம் என்ற நிலையைத் தாண்டி நிஜப் பணமாகிறது. 46 பேர் இருக்கும் இடத்தில் மேலே மூன்று பேர் பாதிச் சம்பளம் வாங்கியிருந்தால் கீழே சிலராவது மிஞ்சியிருப்பார்கள்.

நல்ல மனசு மட்டும் போதாது

இவாட்டாவைச் சாமியாக்கிக் கும்பிட்டுவிட்டுப் போவது எளிது. அப்படிச் செய்தால் இந்த நிகழ்விலிருந்து நமக்குப் பயன் இல்லை. அவரால் முடிந்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் பணம். டிஎஸ், வீ காலத்து லாபத்தை நிண்டெண்டோ ஊதாரித்தனமாகக் கரைக்கவில்லை. கடன் இல்லை, கையிருப்பு ஏராளம். மூன்று வருடம் தொடர்ந்து இயக்க நஷ்டம் வந்தும் சம்பளத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. நம்மூர் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் முதலீட்டாளர் பணத்தில் ஓடுகின்றன. அடுத்த சுற்றுப் பணம் வராவிட்டால் நாலாவது மாதம் மூச்சு முட்டும். அந்த நிலைமையில் இருக்கும் தலைவரிடம் போய் இவாட்டா மாதிரி இரு என்றால் அவரால் முடியாது. நல்ல வருடத்தில் சேர்த்து வைத்திருந்தால்தான் கெட்ட வருடத்தில் ஆளை வைத்துக்கொள்ள முடியும். பத்துப் பேர் தேவைப்படும் இடத்தில் முப்பது பேரை எடுத்துக் கணக்கு காட்டும் பழக்கத்திலேயே பாதி லேஆஃப் விதைக்கப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது சட்டம். ஜப்பானில் நஷ்டம் என்ற ஒரே காரணத்துக்காக நிரந்தர ஊழியரை எளிதில் அனுப்ப முடியாது. ஆட்குறைப்பு உண்மையில் தேவையா, அதைத் தவிர்க்க எல்லா முயற்சியும் செய்தார்களா, ஆளைத் தேர்ந்தெடுத்த விதம் நியாயமா, ஊழியரிடம் முறையாகப் பேசினார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். இங்கே கர்நாடகத்தில் வேலை விதிகளை எழுத்தில் வைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள், 2024-ல் அதை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். நடைமுறையில் நம் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அப்பாயின்ட்மென்ட் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலம்தான். ஆகவே இவாட்டா செய்ததில் ஒரு பங்கு ஜப்பானிய வழக்கமும் சட்டமும் செய்தது. அவருடைய பங்கு, அதைப் பங்குதாரர் முன்னால் வெட்கப்படாமல், ஒரு தொழில் முடிவாக நின்று சொன்னது.

மூன்றாவது, இந்த நிழல் எல்லோர் மேலும் விழவில்லை. 2014-ல் நிண்டெண்டோ தன் ஐரோப்பியத் தலைமையகத்தை ஜெர்மனியின் குரோஸோஸ்ட்ஹைமிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாற்றியபோது அங்கே பலர் வேலை இழந்தார்கள். கேம் செய்கிறவர்கள் அல்ல, கிளை அலுவலக வேலை என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். வேலை போனவருக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்? இவாட்டாவைப் பிடிக்கும் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன்.

சறுக்கல்களும் இருந்தன. போனில் கேம் விளையாடுவது உலகமெல்லாம் பரவிய பிறகும் வருடக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 2015 மார்ச்சில்தான் மொபைல் கேம் செய்யும் டிஎன்ஏ (DeNA) நிறுவனத்தோடு கைகோத்து இறங்கினார். டிஎஸ், வீ வெற்றி கொடுத்த நம்பிக்கையே வீ யூவில் கண்ணை மறைத்தது என்பது என் கருத்து. வீ யூ மொத்தம் 1.35 கோடி. வீ விற்றதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. நிண்டெண்டோவின் கன்சோல் வரலாற்றில் பெரிய தோல்விகளில் ஒன்று, அதுவும் அவர் கையெழுத்துப் போட்டது.

ஆனால் அந்தத் தோல்வியில் வேலை செய்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். 3டிஎஸ் விலைக்குறைப்புக்குப் பிறகு எழுந்து 7.59 கோடி வரை போனது. 2015 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 2,470 கோடி யென் இயக்க லாபம் வந்தது. அதே மார்ச்சில் என்எக்ஸ் என்ற ரகசியப் பெயரோடு புது கன்சோல் வருகிறது என்று இவாட்டா அறிவித்தார். 2014-லேயே பித்தநாளத்தில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்து, மெலிந்த உடம்போடு வேலைக்குத் திரும்பியிருந்தார். 2015 ஜூலை 11 அன்று, 55 வயதில், இறந்துபோனார். என்எக்ஸ் 2017 மார்ச் 3-ல் ஸ்விட்ச் என்ற பெயரில் வந்தது. வீ யூவுக்காகச் செய்து சரியாகப் போய்ச்சேராத மரியோ கார்ட் 8 ஸ்விட்சில் கோடிக்கணக்கில் விற்றது. வீ யூ தோற்ற அன்று அந்தக் குழுவைக் கலைத்திருந்தால் ஸ்விட்சுக்கு முதல் வருடக் கேம்களை யார் செய்திருப்பார்கள் என்ற கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் யாரிடமும் மாற்றுப் பதில் இல்லை.

ஸ்விட்ச் வந்த வருடம் அதற்குள் ஒரு ரகசியம் ஒளிந்திருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். இவாட்டா 1984-ல் எழுதிய அந்த கோல்ஃப் கேம் உள்ளே இருந்தது. கடிகாரம் ஜூலை 11 காட்டும்போது, அவர் காணொளிகளில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டும் சைகையைச் செய்தால் திறக்கும். யார் வைத்தார்கள் என்று நிண்டெண்டோ சொல்லவில்லை, பின்னால் வந்த அப்டேட்டில் எடுத்தும் விட்டார்கள். மறைந்த ஒரு தலைவருக்காகக் கம்பெனிக்குள் இப்படிச் செய்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பக்கம்

அந்த 19 பேரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஸ்டுடியோ தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆம்பூர்த் தம்பியும் அதில் ஒருவன். ஜீவன்பீமா நகரில் ஒரு வீட்டின் மாடி பார்த்திருக்கிறோம், அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. இந்த ஆய்வை எழுதி முடித்த பிறகு எங்கள் ஒப்பந்தத் தாளில் இரண்டு வரி சேர்த்தோம். ஏழு மாதச் சம்பளம் வங்கியில் இல்லாமல் ஐந்தாவது ஆளை வேலைக்கு எடுக்கக் கூடாது. நஷ்டம் வந்தால் முதல் வெட்டு தொடங்கிய நாலு பேரின் சம்பளத்தில்.

எத்தனை சதவிகிதம் என்பதில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. நான் பாதி என்றேன். தம்பி, "பாதி வெட்டினா எனக்கு ஊருக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாதுக்கா" என்றான். அவன் சொல்வதும் சரி, இவாட்டாவின் பாதியும் அவனுடைய பாதியும் ஒன்றில்லை. சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி ஆளுக்கு ஒரு அளவு வைக்கலாமா என்று பார்க்கிறோம். இப்போதைக்கு அந்த இடத்தைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறோம்.